கத்ரானா கோட்டை எதற்குக் காவல்?

வாசகர் கேள்வி, நவம்பர் 3

ஜோர்தானில் அம்மானிலிருந்து அகபா செல்லும் பாலைவன நெடுஞ்சாலையில் கத்ரானா என்ற ஊரருகே ஒரு கோட்டை நிற்கிறது. டமாஸ்கஸிலிருந்து மக்கா சென்ற ஹஜ் பயணிகளைக் காப்பதற்காக, உஸ்மானிய சுல்தான் சுலைமான் காலத்தில், 1559-இல் கட்டியது என்கிறார்கள். நேரில் பார்த்தால் ஏமாற்றமாக இருக்கிறது. உள்ளே நூறு பேர் நெருக்கியடித்து நின்றால் மூச்சு முட்டும். ஆயிரக்கணக்கான பயணிகளை இந்தக் கட்டடத்தால் எப்படிக் காத்திருக்க முடியும்? சுல்தானின் பெயர் நிலைக்க வேண்டும் என்று கட்டியது என்பதே என் கருத்து. மறுப்பு உண்டா?

நவம்பர் 3, இரவு

மறுப்பு உண்டு. கோட்டையின் அளவைப் பற்றி நீங்கள் சொல்வது சரிதான். ஏறத்தாழ 22 மீட்டர் நீளம், 17 மீட்டர் அகலம், அவ்வளவுதான். ஆனால் பயணிகளை உள்ளே வைத்துக் காப்பதற்காக அது கட்டப்படவில்லை. பயணிகள் வெளியே, திறந்த வெளியில், கூடாரம் அடித்துத் தங்கினார்கள். அவர்களோடு படையும் பீரங்கியும் வந்தன. கோட்டைக்குள் ஆண்டு முழுவதும் இருந்தவர்கள் சிறு காவல் படையினர் மட்டுமே. அவர்கள் எதைக் காத்தார்கள் என்பதை அறியக் கோட்டைக்குள் தேட வேண்டாம். அருகில் கல் கட்டி எழுப்பிய பெரிய சதுரக் குளம் இருக்கிறதே, அதன் கரையில் போய் நின்று பாருங்கள்.

நவம்பர் 4

நேற்றுச் சுருக்கமாக எழுதிவிட்டேன், கொஞ்சம் விரிக்கிறேன். நான் பாசனப் பொறியியலில் வேலை பார்த்தவன். ஜோர்தானில் பணியில் இருந்த காலத்தில் கத்ரானா வழியாகத் தெற்கே போய் வரும்போதெல்லாம் வண்டியை ஓரம் கட்டச் சொல்வேன். ஓட்டுநர் அந்தப் பக்கத்துக்காரர். முதல் முறை நான் கோட்டை வாசலை நோக்கி நடந்தபோது, "முதலில் பிர்க்காவைப் பாருங்கள், கோட்டை எங்கும் ஓடிவிடாது" என்றார். குளத்தை அங்கே பிர்க்கா என்றுதான் சொல்கிறார்கள்.

குளம் மழைநீரை நம்பியது. குளிர்காலத்தில் ஓரிரு முறை பெய்யும் மழையில் அருகிலுள்ள வாடியில், அதாவது மழைக்கு மட்டும் ஓடும் காட்டாற்றில், வெள்ளம் வரும். அதை மறித்துத் திருப்பி உள்ளே விட வேண்டும். பாலைவன வெள்ளம் தண்ணீராக வராது, குழம்பாக வரும். அதனால்தான் இந்தப் பாதையின் குளங்கள் சிலவற்றில் பெரிய குளத்துக்கு முன்னால் வண்டல் படிவதற்கென்று ஒரு சிறு தொட்டி இருக்கிறது. வேகத்தோடு வரும் வெள்ளம் அங்கே தணிந்து, மண்ணைக் கீழே விட்டுவிட்டு, மேல் நீரை மட்டும் அடுத்த குளத்துக்குத் தரும். ஓர் ஆண்டு தூர் வாராமல் விட்டால் அந்தத் தொட்டி பயனற்றுப் போகும். சில ஆண்டுகள் விட்டால் பெரிய குளமே மேடாகிவிடும். நம் ஊர் ஏரிகளில் மடையையும் வரத்துக் கால்வாயையும் பார்க்க ஓர் ஆள் இல்லாவிட்டால் என்ன ஆகுமோ அதுதான் அங்கும் ஆகும். ஆனால் கத்ரானாவில் அந்த ஆள் இருப்பதற்குப் பக்கத்தில் ஊர் கிடையாது. எனவே அவருக்கு ஒரு வீடு வேண்டும். அந்த வீட்டுக்குத் தடித்த சுவர் வேண்டும்.

இப்போது கோட்டை வாசலுக்கு வாருங்கள். சுவர்ப் பரப்பு முழுவதற்கும் வாசல் ஒன்றே ஒன்று. அதற்கு நேர் மேலே, சுவரிலிருந்து வெளியே பிதுங்கி நிற்கும் கல் கூடு ஒன்று. கதவை உடைக்க வருபவன் தலையில் கல்லையோ கொதிநீரையோ கொட்டுவதற்கான அமைப்பு. சுவரில் உள்ள திறப்புகள் வெளியே ஒடுங்கியும் உள்ளே அகன்றும் இருக்கின்றன. உள்ளிருந்து ஒருவன் இடமும் வலமும் திரும்பிச் சுடலாம், வெளியிலிருந்து குறி வைப்பவனுக்குக் கையளவு இருட்டு மட்டுமே தெரியும். நடுவில் முற்றம், சுற்றிலும் அறைகள், மேலே செல்லப் படிகள். பீரங்கிப் படையை எதிர்த்து நிற்க இது போதாது. குதிரையிலும் ஒட்டகத்திலும் வரும் கொள்ளைக் கூட்டத்திடம் பீரங்கி கிடையாது என்பதை நினைவில் வைத்தால், கட்டியவர்கள் தேவையை மிகச் சரியாக அளந்திருக்கிறார்கள் என்பது விளங்கும்.

நவம்பர் 6

சிலுவைப் போர்க் கோட்டையை உஸ்மானியர்கள் பழுது பார்த்து எடுத்துக்கொண்டார்களா என்று ஒரு நண்பர் கேட்கிறார். இல்லை. சிலுவைப் போர்க்காரர்களின் பெருங்கோட்டை கரக், மேற்கே மலை முகட்டில் இருக்கிறது. கரக்கை ஆண்ட ஷாட்டியோனின் ரேனால்ட், முஸ்லிம் பயணக் கூட்டங்களைத் தாக்கியதே 1187-இல் ஹித்தீன் போரில் வந்து முடிந்த பகையின் காரணங்களுள் ஒன்று. அது வேறு காலம், வேறு கதை.

ஆனால் கேள்வியில் ஒரு நல்ல விஷயம் ஒளிந்திருக்கிறது. 1326-இல் டமாஸ்கஸிலிருந்து ஹஜ் கூட்டத்தோடு வந்த மொராக்கோப் பயணி இப்னு பதூதா, ஓடும் நீர் உள்ள லஜ்ஜூனையும் பிறகு கரக்கையும் குறிப்பிடுகிறார். கரக்கின் வெளியே நான்கு நாள் தங்கி, அடுத்து வரும் பாலைவனத்துக்கு ஆயத்தம் செய்ததாகச் சொல்கிறார். உஸ்மானியருக்கு முன் ஆண்ட மம்லூக்குகள் காலத்துப் பாதை மேற்கே, நீரும் ஊரும் உள்ள பக்கமாகச் சாய்ந்து சென்றிருக்கிறது. உஸ்மானியர் காலத்தில் அது கிழக்கே, பாலையின் விளிம்புக்குத் தள்ளிப் போகிறது. ஊர் உள்ள பக்கத்தை விட்டுவிட்டு வெறுநிலத்தைத் தேர்ந்தெடுப்பது விசித்திரமாகத் தோன்றலாம். மேற்கே முஜிப், ஹசா போன்ற பெரும் பள்ளத்தாக்குகள் மலையைப் பிளந்துகொண்டு சாக்கடலை நோக்கி இறங்குகின்றன. பல்லாயிரம் ஒட்டகங்களை அந்தச் சரிவுகளில் இறக்கி ஏற்றுவது நாள்கணக்கில் வேலை. கிழக்கே அதே பள்ளத்தாக்குகள் ஆழமற்ற ஓடைகளாகத் தொடங்குகின்றன; நிலம் சமம். கூட்டம் அகல விரிந்து நடக்கலாம், இரவிலும் தீப்பந்த வெளிச்சத்தில் நடக்கலாம். கிழக்கே இல்லாதது தண்ணீர் ஒன்றுதான். அந்தக் குறையை ஈடு செய்வதற்காகக் குளமும், குளத்தைக் காப்பதற்காகக் கோட்டையும் வந்தன. சுலைமான் காலத்திலேயே கத்ரானா, மஆன், தாத்துல் ஹாஜ், தபூக் என்று வரிசையாகக் கட்டியதை இந்தப் பின்னணியில் பார்க்க வேண்டும்.

நவம்பர் 6, பின்குறிப்பு

அம்மானுக்குத் தெற்கே ஜீஸா என்ற இடத்தில் ரோமானியர் காலத்துப் பெருங்குளம் ஒன்று இருக்கிறது. ஹஜ் கூட்டங்கள் அதையும் பயன்படுத்தின. கிடைத்த பழைய குளத்தை விடாமல், இல்லாத இடத்தில் மட்டும் புதிதாகக் கட்டியிருக்கிறார்கள். பணத்தை வீணடிக்காத நிர்வாகம்.

நவம்பர் 9

"மழைநீர்க் குளத்துக்குக் காவல் எதற்கு, யார் குடித்தால் என்ன, பாலைவனத்தில் தண்ணீர் எல்லோருக்கும் பொதுதானே?" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். மனித நியாயம் அவர் பக்கம் இருக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் கணக்கைப் பார்ப்போம்.

60 மீட்டர் பக்கமும் 3 மீட்டர் ஆழமும் கொண்ட ஒரு குளத்தை எடுத்துக்கொள்வோம். இது கணக்குக்காக நான் வைக்கும் அளவு, எந்த ஒரு குளத்தின் அளவும் அன்று. நிரம்பினால் 10,800 கன மீட்டர். தாகத்தோடு வரும் ஒட்டகம் 100 லிட்டர்கூடக் குடிக்கும். எல்லாமே அந்த அளவு தாகத்தோடு வராது என்பதால் சராசரியாக 50 லிட்டர் என்று வைத்தால், 10,000 விலங்குகளுக்கு 500 கன மீட்டர். மனிதர்களுக்கும் தோல் பைகளை நிரப்புவதற்கும் இன்னொரு 500. ஆக, ஒரு பெரிய கூட்டம் ஒரு முறை வந்து போவதற்கு 1,000 கன மீட்டர் போதும். குளத்தில் பத்து மடங்கு இருக்கிறது, கவலை எதற்கு என்று தோன்றும்.

வெயிலைச் சேர்த்துப் பாருங்கள். அந்தப் பாலைவனத்தில் திறந்த நீர்ப்பரப்பு ஆண்டுக்கு இரண்டு மீட்டருக்கு மேல் ஆவியாகிறது. அதில் பெரும்பகுதி கோடையில் போகிறது. நம் கணக்குக் குளத்தில் இரண்டு மீட்டர் என்றால் 7,200 கன மீட்டர். கல் இடுக்கில் கசிவது தனி. குளிர்காலத்தில் வழிய வழிய நின்ற குளம் செப்டம்பரில் கணுக்காலளவு சேறாகக் கிடக்கலாம். மழை பொய்த்த ஆண்டில் அதுவும் இராது.

இதோடு நாள்காட்டியைச் சேருங்கள். ஹஜ் சந்திர ஆண்டைப் பின்பற்றுவது. ஏறத்தாழ 33 ஆண்டுகளில் எல்லாப் பருவங்களையும் ஒரு சுற்றுச் சுற்றி வரும். ஒரு தலைமுறை குளிர்காலத்தில், நிரம்பிய குளங்களின் வழியே போய் வரும். இன்னொரு தலைமுறை கோடை முடிவில், வற்றிய குளங்களின் வழியே திரும்பி வரும். அந்த மோசமான ஆண்டுகளில் கடைசியாக எஞ்சியிருக்கும் ஓரடித் தண்ணீர்தான் உயிருக்கும் சாவுக்கும் இடையிலான வேறுபாடு. காவலாளியால் வெயிலைத் தடுக்க முடியாது. ஆனால் ஆட்டு மந்தைகள் குளத்தில் இறங்கிக் கலக்காமல் பார்க்கலாம், மழைக்கு முன் தூர் வாரலாம், முதல் வெள்ளம் வரும் இரவில் வாய்க்காலின் வாயில் கல்லும் முள்ளும் அடைத்திராமல் பார்த்துக்கொள்ளலாம். ஆண்டுக்கு ஓரிரு முறை, சில மணி நேரம் மட்டுமே வரும் வெள்ளத்தைத் தவறவிட்டால் அந்த ஆண்டுக் குளம் போயிற்று. வெறும் போர்வீரனின் வேலையாக இதை என்னால் பார்க்க முடியவில்லை.

நவம்பர் 10

இப்னு பதூதாவைப் பற்றி மேலும் கேட்டிருக்கிறீர்கள். இந்த விவாதத்துக்கு நேரடியாகத் தேவையான சாட்சி அவர், ஏனென்றால் அவர் வந்தது இந்தக் கோட்டைகள் எழுவதற்கு 200 ஆண்டுகளுக்கும் மேல் முன்னால்.

மஆனைத் தாண்டியதும் வரும் பாலையைப் பற்றி, அதில் நுழைந்தவன் காணாமற்போனவன், வெளியே வந்தவன் புதிதாகப் பிறந்தவன் என்று மக்கள் சொல்வதை அவர் பதிவு செய்திருக்கிறார். தபூக்கில் ஊற்று உண்டு. ஹிஜ்ரி 9-இல், அதாவது 630-இல், நபிகள் நாயகத்தின் படை வந்து தங்கிய இடம் அது. அங்கே தண்ணீர்க்காரர்கள் ஊற்றின் கரையில் இறங்கி, எருமைத் தோலில் தைத்த பெரிய தொட்டிகளில் நீரை நிரப்பி, ஒட்டகங்களுக்குக் காட்டி, பைகளை நிரப்பித் தந்தார்கள் என்கிறார். காரணம், அடுத்த நீர் வெகு தொலைவு. இடையில் உகைதிர் பள்ளத்தாக்கு. ஓராண்டு அங்கே அனல் காற்று வீசித் தண்ணீரெல்லாம் வற்றி, ஒரு மிடறு ஆயிரம் தினாருக்கு விலை போய், விற்றவனும் வாங்கியவனும் சேர்ந்தே மாண்டார்கள் என்றும், அந்தச் செய்தி பாறையில் பொறிக்கப்பட்டிருந்தது என்றும் எழுதுகிறார். அடுத்து முஅழ்ழம் குளம். அய்யூபி அரசர் அல்-மலிக் அல்-முஅழ்ழமின் பெயரால் அறியப்பட்டது; சில ஆண்டுகளில் மழைநீர் தேங்கும், சில ஆண்டுகளில் வற்றிவிடும் என்று ஒரே வரியில் முடிக்கிறார். அந்த ஒரு வரியை நான் பலமுறை திரும்பப் படித்திருக்கிறேன்.

முஅழ்ழத்தில் கோட்டை எழுந்தது 1622-இல், இரண்டாம் உஸ்மான் காலத்தில். பாதையிலுள்ள பெரிய கோட்டைகளில் அதுவும் ஒன்று. மூலைகளில் வட்டக் கொத்தளங்கள் உண்டு. குளமோ 13-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. நாலு நூற்றாண்டுக் காலம் குளம் தனியாக இருந்திருக்கிறது. கோட்டை அதற்குப் பிறகு, அதன் பக்கத்தில் வந்து உட்கார்ந்திருக்கிறது. சுல்தானின் பெருமைக்காகவே கட்டியிருந்தால் ஆளரவமற்ற அந்த இடத்தைத் தேடிப் போயிருக்க வேண்டியதில்லை.

நவம்பர் 15

"அப்படியானால் கோட்டைகள் வெற்றி பெற்றனவா?" என்ற கேள்விக்கு 1757-ஐச் சொல்லாமல் பதில் தர முடியாது. எழுதவே மனம் கனக்கும் விஷயம் இது.

1708 முதல் டமாஸ்கஸ் ஆளுநரே அமீருல் ஹஜ்ஜாக, கூட்டத்தின் தலைவராக, உடன் சென்றார். கூட்டம் டமாஸ்கஸில் திரண்டு, தெற்கே முஸைரிபில் கடைசியாகப் பொருள் வாங்கிக்கொண்டு புறப்படும். வழியிலுள்ள பெதூயின் என்ற பாலைவன நாடோடிக் குலங்களுக்கு ஸுர்ரா என்ற பணம் ஆண்டுதோறும் போக வேண்டும். அவர்கள் நிலத்தின் வழியே, அவர்கள் நீரைக் குடித்துப் போவதற்கான ஈடு அது. திரும்பி வரும் கூட்டத்தை எதிர்கொள்ள ஜர்தா என்ற உதவிப்படை உணவோடும் ஆட்களோடும் டமாஸ்கஸ் பக்கத்திலிருந்து தெற்கே போகும். குளமும் கோட்டையும் பணமும் உதவிப்படையும் சேர்ந்தே பாதையை நடத்தின.

1757-க்கு முந்தைய ஆண்டு கடும் வறட்சி. பனூ ஸக்ர் குலத்தாரின் மந்தைகள் அழிந்திருந்தன. ஸுர்ரா விஷயத்திலும் மனக்கசப்பு இருந்தது. பல ஆண்டுகள் பாதையை அமைதியாக வைத்திருந்த ஆளுநர் அஸ்அத் பாஷா அல்-அழ்மை 1757-இன் தொடக்கத்தில் டமாஸ்கஸிலிருந்து மாற்றிவிட்டார்கள். ஹஜ் ஆகஸ்ட் இறுதியில் வந்தது. திரும்பும் பயணம் செப்டம்பரில், குளங்கள் வற்றிக் கிடக்கும் காலத்தில். முதலில் ஜர்தா தாக்கப்பட்டது. இடம் எது என்று பாருங்கள்: கத்ரானா. கோட்டைச் சுவருக்கு அருகிலேயே அந்தப் படை சிதறடிக்கப்பட்டது. அதன் தலைவர் மூஸா பாஷா தப்பியோடி, பிறகு இறந்தார். தெற்கே தபூக்கில் கூட்டம் உதவிக்குக் காத்துக் கிடந்தது. உதவி வராது என்று தெரிந்து புறப்பட்டபோது, தபூக்குக்கும் தாத்துல் ஹாஜுக்கும் இடையே பனூ ஸக்ரும் அவர்களோடு சேர்ந்தவர்களும் வளைத்துக்கொண்டார்கள். இறந்தவர்கள் 20,000 பேர் என்று மதிப்பிடுகிறார்கள். வாளுக்கு இரையானவர்கள் ஒரு பகுதி. உடைமை பறிபோய், ஒட்டகம் பறிபோய், பசியிலும் தாகத்திலும் வெயிலிலும் விழுந்தவர்கள் பெரும் பகுதி. சுல்தானின் சகோதரியும் இறந்தவர்களில் ஒருவர் என்கிறார்கள்.

நெடுஞ்சாலையில் இன்று கத்ரானாவிலிருந்து தபூக் வரையிலான தொலைவைக் காரில் ஒரே நாளில் கடந்துவிடலாம். நீர் கையில் இல்லாமல், காலால் நடந்து, அதில் ஒரு பகுதியைக் கடப்பது எப்படியிருக்கும் என்று அந்த வெளியில் நின்றபோது நினைத்துப் பார்த்தேன். வண்டியிலிருந்து இருநூறு அடி நடந்து திரும்புவதற்குள் நாக்கு ஒட்டிக்கொண்டது.

நவம்பர் 17

ஒரு நண்பர் என்னை மடக்கியிருக்கிறார்: "கோட்டைக்கு அருகிலேயே படை அழிந்தது என்று நீங்களே சொல்கிறீர்கள். அப்படியானால் கேள்வி கேட்டவர் சொன்னதுதானே சரி?"

இரண்டு நாள் இதை யோசித்தேன். கோட்டை தன் காலடியில் நின்ற படையைக் காக்கவில்லை என்பது உண்மை. அது அதன் வேலையும் அன்று. பேரிடருக்குப் பிறகு உஸ்மானிய அரசு என்ன செய்தது என்பதைக் கவனியுங்கள். மூன்றாம் முஸ்தஃபாவின் ஆட்சியில், 1760-களை ஒட்டி, கத்ரானாவுக்கு வடக்கே தப்ஆவிலும் தெற்கே ஹசாவிலும் புதுக் கோட்டைகள் எழுந்தன. ஹசாவில் வாடியைக் கடக்கக் கல் பாலமும் அதையொட்டிக் கல் பாவிய பாதையும் உண்டு. பாலமும் பாதையும் இன்றும் தெரிகின்றன. அந்தக் கோட்டை முற்றத்தில் ஆழமான கிணறு இருக்கிறது. அந்தத் தண்ணீரை வெயிலும் தொட முடியாது, வெளியாளும் தொட முடியாது. ஓர் இடத்துக்கும் அடுத்த இடத்துக்கும் உள்ள இடைவெளியைக் குறைப்பதுதான் அவர்கள் கண்ட மருந்து. ஒரு குளம் பொய்த்தால் அடுத்த நீர் எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். கோட்டைகளால் பயனில்லை என்று அவர்கள் நினைத்திருந்தால் அந்தப் பணத்தை ஸுர்ராவில் மட்டும் கொட்டியிருப்பார்கள்.

ஆனால் இதைச் சொல்லும்போதே, தண்ணீர் பொதுதானே என்று கேட்டவருக்கும் பதில் சொல்லியாக வேண்டும். அந்த வாடி வெள்ளம் காலங்காலமாகப் பெதூயின்களின் மந்தைகளுக்கு உரியது. அதைத் திருப்பி, கல் கட்டி, ஆண்டுக்கு இருமுறை வந்து போகும் கூட்டத்துக்காகப் பூட்டி வைத்தார்கள். மழை நன்றாகப் பெய்த ஆண்டுகளில், ஸுர்ராவும் ஒழுங்காக வந்த ஆண்டுகளில், இது தாங்கக்கூடிய ஏற்பாடு. ஒட்டகம் வாடகைக்கு விடுவது, வழிகாட்டுவது, ஆடு விற்பது என்று வருமானமும் அவர்களுக்கு இருந்தது. வறட்சி வந்து, பணமும் நின்று, தன் நிலத்துக் குளத்தில் தன் ஆடு குடிக்கக் கூடாது என்று துப்பாக்கி நீட்டப்பட்டால் என்ன நடக்கும்? 1757-இன் கொடுமையை நான் ஒரு கணமும் நியாயப்படுத்த மாட்டேன். காரணத்தைக் குணக்கேட்டில் தேடுபவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. அதை முதலில் வறட்சியிலும் கணக்குப் புத்தகத்திலும் தேட வேண்டும்.

நவம்பர் 22

கோட்டைக்குள் வாழ்ந்தவர்களைப் பற்றிக் கேட்டவருக்கு: ஹிஜ்ர் கோட்டையைப் பற்றி நல்ல சாட்சியம் இருக்கிறது. மதாயின் சாலிஹ் என்று நாம் அறிந்த இடம். பாறைக் கல்லறைகள் உள்ள அந்தப் பகுதி 2008 முதல் உலகப் பாரம்பரியச் சின்னம். சார்லஸ் டௌட்டி என்ற ஆங்கிலேயர் 1876 நவம்பரில் முஸைரிபிலிருந்து ஹஜ் கூட்டத்தோடு வந்து, அங்கே இறங்கிக்கொண்டு, கூட்டம் திரும்பும் வரை அந்தக் கோட்டையில் தங்கினார். அந்தக் கூட்டத்தில் 6,000 பேரும் 10,000 விலங்குகளும் இருந்ததாக அவர் கணக்கு. நவம்பர் 9 அன்று நான் பயன்படுத்திய விலங்குத் தொகை அதுதான்.

காவலர்கள் விரல் விட்டு எண்ணக்கூடியவர்கள், பெரும்பாலும் வட ஆப்பிரிக்காவின் மக்ரிப் நாட்டவர். கோட்டைக்குள் கிணறு. கோவேறு கழுதை ஒன்று சுற்றிச் சுற்றி நடந்து சக்கரத்தை இழுக்க, நீர் மேலே வந்து தொட்டியில் விழும். ஹஜ் கூட்டம் வருவதற்கு வெகு முன்பே இந்த வேலை தொடங்கி, கூட்டம் வந்து சேரும்போது தொட்டி நிறைந்திருக்க வேண்டும். அங்கே முன்பு வாழ்ந்து, ஸாலிஹ் நபியை மறுத்து அழிந்த ஸமூது கூட்டத்தாரின் கிணறுகளிலிருந்து குடிக்கலாகாது என்பது நபிமொழி. இப்னு பதூதா அங்கே வந்தபோது, எவ்வளவு தாகமிருந்தும் யாரும் அந்த நீரைத் தொடவில்லை என்று எழுதுகிறார். ஸாலிஹ் நபியின் பெண் ஒட்டகம் குடித்த கிணறு மட்டும் விலக்கு. கோட்டைக் கிணற்றையே அந்த ஒட்டகத்தின் கிணறு என்று காவலர்கள் நம்பினார்கள். மனம் ஒப்பிக் குடிக்கத்தக்க நீர் எங்கே இருந்ததோ அங்கே சுவர் எழுந்திருக்கிறது.

இன்னொரு பயனும் உண்டு, இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். போகும்போதே திரும்பி வருவதற்கான தானியத்தையும் தீவனத்தையும் கோட்டையில் மூட்டை மூட்டையாக ஒப்படைத்துவிட்டுப் போனார்கள். ஒட்டகத்தின் சுமை குறையும். வழியில் பறிபோகும் அச்சமும் இல்லை. பயணிகள் உள்ளே தங்கவில்லை, அவர்களின் சோறு உள்ளே தங்கியது.

நவம்பர் 23

ஸுபைதா பாதையை ஏன் சொல்லவில்லை என்கிறார்கள். ஈராக்கின் கூஃபாவிலிருந்து மக்காவுக்குச் செல்லும் அந்தப் பாதையில், ஹாரூன் ரஷீதின் மனைவி ஸுபைதாவின் கொடையால் குளங்களும் கிணறுகளும் அமைந்தன. அங்கும் பாதி வழியில் ஃபைத் என்ற மதில் சூழ்ந்த ஊர் இருந்தது. அங்கும் பயணிகள் உணவில் ஒரு பகுதியை வைத்துவிட்டுப் போனார்கள். உஸ்மானியர்கள் எதையும் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. 800 ஆண்டுகளுக்கு முன்பே தெரிந்திருந்த வழக்கத்தைத் துப்பாக்கிக் காலத்துக்கு ஏற்றபடி கட்டினார்கள்.

டிசம்பர் 1

ரயில் வந்த பிறகு கோட்டைகள் என்ன ஆயின? இது என் வாதத்துக்கு இன்னொரு சான்று என்பதால் சற்று எழுதுகிறேன்.

ஹிஜாஸ் ரயில் பாதை 1900-இல் தொடங்கி, 1904-இல் மஆனையும் 1906-இல் தபூக்கையும் 1908-இல் மதீனாவையும் அடைந்தது. டமாஸ்கஸிலிருந்து மதீனா வரை ஏறத்தாழ 1,300 கிலோமீட்டர். இந்திய முஸ்லிம்களின் நன்கொடையும் அதில் உண்டு, நம்மவர்கள் ஹஜ்ஜுக்கு அந்தப் பாதையில் போகவில்லை என்றாலும். தமிழகக் கரையிலிருந்து சென்றவர்களுக்கு ஜித்தா வரை கடல்தான் வழி. நாற்பது நாள் ஒட்டகப் பயணம் சில நாள் ரயில் பயணமாகச் சுருங்கிய பிறகு கோட்டைகளுக்கு வேலை இருந்திருக்கக் கூடாது. ஆனால் நிலையங்களின் பெயரைப் பாருங்கள்: கத்ரானா, ஹசா, முதவ்வரா, தாத்துல் ஹாஜ், தபூக், முஅழ்ழம், மதாயின் சாலிஹ். நீராவி எஞ்சினுக்கும் தண்ணீர் வேண்டும். ஜெர்மானியப் பொறியாளர்கள் நவீனக் கருவிகளோடு வந்து அளந்து, 16-ஆம் நூற்றாண்டில் ஒட்டகத்துக்காகத் தேர்ந்த அதே வரிசையைத் தொட்டுக்கொண்டே தண்டவாளம் போட்டார்கள். முதல் உலகப் போரில், 1918 ஆகஸ்டில், பிரிட்டிஷ் ஒட்டகப் படை முதவ்வரா நிலையத்தைப் பிடித்தபோது, குறியும் அங்கிருந்த கிணறும் நீர்க் கோபுரமும்தான். அது போனால் ரயில் ஓடாது.

டிசம்பர் 8

கேள்வி கேட்டவர் மறுபடி ஜோர்தான் போகப் போவதாகவும், எதை எதைப் பார்க்கலாம் என்றும் கேட்டிருக்கிறார். கத்ரானா 1970-களில் துருக்கி உதவியோடு பழுது பார்க்கப்பட்டது. அதனால் சுவர்கள் முழுமையாக இருக்கின்றன. அதை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பாமல் ஹசாவுக்கும் போங்கள்; பாலத்தின் மேல் நடந்து பாருங்கள். சவூதி விசா இருந்தால் தபூக் கோட்டை. ஊற்றும் கோட்டைக்கு அருகிலேயே இருக்கிறது. மதாயின் சாலிஹில் கல்லறைகளைப் பார்க்க வருபவர்கள் கோட்டைப் பக்கம் திரும்புவதே இல்லை, நீங்கள் திரும்புங்கள்.

ஒரு வேண்டுகோள். துருக்கியர் பின்வாங்கும்போது தங்கத்தைப் புதைத்துவிட்டுப் போனார்கள் என்ற வதந்தியை நம்பி, ஜோர்தானில் பழைய கோட்டைகளிலும் ரயில் நிலையங்களிலும் இரவோடு இரவாகத் தரையைத் தோண்டிப் போடுகிறார்கள். நான் பார்த்த ஒரு கோட்டையில் அறையின் கல் தளம் பெயர்க்கப்பட்டு, ஆள் உயரத்துக்குக் குழி. பக்கத்துச் சுவர் அடித்தளம் இழந்து உள்பக்கம் சாய்ந்திருந்தது. அடுத்த மழையில் அது விழுந்திருக்கும். நெடுஞ்சாலைக்கு அருகிலுள்ள கத்ரானாவுக்கு இந்த ஆபத்து குறைவு. சாலையிலிருந்து விலகி நிற்கும் சிறு கோட்டைகளுக்கு நீங்கள் போனால் முகப்பைப் படம் எடுப்பதோடு நிற்காமல் தரையையும், கிணற்று வாயையும், குளத்துக்கு வரும் வாய்க்காலையும், எங்கே குழி இருக்கிறது என்பதையும் தேதியோடு படம் எடுத்து இங்கே போடுங்கள். முன்பு யாரேனும் எடுத்த தப்ஆ, உனைஸா கோட்டைப் படங்கள் கைவசம் இருந்தாலும் ஏற்றுங்கள். எந்தச் சுவர் எப்போது விழுந்தது என்பதையாவது நம்மால் வரிசைப்படுத்த முடியும்.